பேஸ்போர்ட் ஹீட்டருக்கு மாற்றுத் தெர்மோஸ்டாட்: கடைக்குப் போகும் முன்

கனடாவில் தெர்மோஸ்டாட் பற்றி உறவினரிடம் யோசனை கேட்டால் பல நேரம் உங்கள் வீட்டுக்குப் பொருந்தாத பதில்தான் வரும். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? டொரொன்டோவை ஒட்டிய ஸ்கார்பரோ, மார்க்கம் பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் அடித்தளத்தில் ஓர் எரிவாயு உலை இருக்கும். சூடான காற்று குழாய் வழியாக எல்லா அறைக்கும் போகும். வீட்டுக்கு ஒரே தெர்மோஸ்டாட், அதுவும் கூடத்துச் சுவரில். கியூபெக்கில், மொன்ட்ரியாலிலும் லவாலிலும், கதை வேறு. சுவரடியில் நீளமாகப் படுத்திருக்கும் மின்சார பேஸ்போர்ட் ஹீட்டர் அறைக்கு அறை இருக்கும், தெர்மோஸ்டாட்டும் அறைக்கு அறை இருக்கும். டொரொன்டோ மைத்துனர் தன் வீட்டில் மாட்டிப் பெருமைப்படும் நெஸ்ட் தெர்மோஸ்டாட் இங்கே சுவரில் மாட்டவே ஆகாது.

இந்த வேறுபாட்டுக்கு அணைகள்தான் காரணம். 1963 மே 1 அன்று கியூபெக்கின் தனியார் மின் நிறுவனங்கள் மாகாண மின் நிறுவனமான ஹைட்ரோ-கியூபெக்கின் கைக்கு வந்தன. மனிகுவாகன் ஆற்றிலும், பிறகு ஜேம்ஸ் விரிகுடாப் பக்கத்து ஆறுகளிலும் பெரிய அணைகள் எழுந்தன. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, எண்ணெய் உலையை விட்டுவிட்டு மின்சாரத்தால் வீட்டைச் சூடாக்குவதே லாபம் என்றாயிற்று. அந்தக் காலத்தில் கட்டிய வீடுகளைத்தான் நாம் இன்று வாங்கிக்கொண்டும் வாடகைக்கு எடுத்துக்கொண்டும் இருக்கிறோம். ஹீட்டர் நன்றாக உழைக்கும். முதலில் பழுதாவது சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட்தான்.

எரிவாயு உலையின் தெர்மோஸ்டாட் 24 வோல்ட்டில் வேலை செய்வது. மெல்லிய பல நிற ஒயர்கள் வழியாக, ‘ஓடு’, ‘நில்’ என்று உலைக்குச் செய்தி சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. பேஸ்போர்ட்டின் தெர்மோஸ்டாட் செய்தி சொல்வதில்லை. ஹீட்டருக்குப் போகும் முழு மின்சாரமும், 240 வோல்ட்டும், அதன் உள்ளே நுழைந்துதான் வெளியே போகிறது. அதனால்தான் இதற்கு லைன் வோல்டேஜ் தெர்மோஸ்டாட் என்று பெயர். 24 வோல்ட் கருவியை இதில் இணைத்தால் அது கருகும், சுவரும் கருகலாம். பெட்டியின் மேல் 120 அல்லது 240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் மட்டும் மேற்கொண்டு படியுங்கள். இல்லையென்றால் தட்டிலேயே வைத்துவிடுங்கள், எவ்வளவு தள்ளுபடி இருந்தாலும்.

பழுது தெர்மோஸ்டாட்டில்தானா?

மாற்றப் புறப்படும் முன் இதை உறுதி செய்துகொள்வது நல்லது. தெர்மோஸ்டாட்டைக் கடைசி வரை குறைத்து வைத்த பிறகும் ஹீட்டர் கொதித்துக்கொண்டே இருந்தால், உள்ளே தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டுவிட்டன என்று பொருள். இது தள்ளிப்போடக் கூடாத பழுது. உடனே பிரேக்கரை அணைத்துவிடுங்கள். புதியது மாட்டும் வரை அந்த அறைக்கு வேறு ஏற்பாடு செய்யுங்கள். கூட்டி வைத்தும் ஹீட்டர் சூடாகவில்லை என்றால் முதலில் பிரேக்கர் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஹீட்டரின் ஒரு முனையில் தனியாக ஒரு குமிழ் இருக்கிறதா என்று பாருங்கள். சில ஹீட்டர்களில் உள்ளேயே ஒரு தெர்மோஸ்டாட் உண்டு. முன்பு இருந்தவர் சுவரிலும் ஒன்று வைத்திருப்பார். இரண்டும் சேர்ந்து சம்மதித்தால்தான் ஹீட்டர் ஓடும். ஹீட்டரில் உள்ள குமிழைக் கடைசி வரை கூட்டிவிட்டுச் சுவரில் இருப்பதை மட்டும் பயன்படுத்த வேண்டும்.

இன்னொரு பொய்ப் பழுதும் உண்டு. ஹீட்டரின் உடல் நெடுக ஒரு வெப்பக் காப்பு ஓடுகிறது. கட்டிலோ தரை வரை தொங்கும் திரைச்சீலையோ காற்றோட்டத்தை மறித்தால், அது தானாக ஹீட்டரை அணைத்துவிடும்; ஆறியதும் மறுபடி விடும். அறை சூடேறாமல் ஹீட்டர் விட்டுவிட்டு ஓடும்போது பழி தெர்மோஸ்டாட்டின் மேல் விழும். ஈரத் துணியை ஹீட்டரின் மேல் காயப்போடும் பழக்கம் நம் வீடுகளில் நிறையவே இருக்கிறது. அது காப்பை விழவைப்பதோடு நிற்கும் என்று எண்ண வேண்டாம், தீப்பிடிக்கவும் செய்யும்.

இவை எதுவும் இல்லை, ஆனால் அறை ஒரு நேரம் வியர்க்கிறது, ஒரு நேரம் நடுங்குகிறது என்றால், தெர்மோஸ்டாட் பழுதாகவில்லை, பழையதாகிவிட்டது. உள்ளே இருப்பது இரண்டு உலோகங்கள் ஒட்டிய ஒரு தகடு. சூட்டுக்கு வளைந்து தொடுமுனையைப் பிரிக்கும், ஆறினால் சேர்க்கும். வளைவதற்கும் நிமிர்வதற்கும் இடையில் அறை இரண்டு மூன்று டிகிரி ஏறி இறங்கிவிடும். குறைந்த பக்கம் குளிர்வதால் வீட்டில் யாராவது குமிழைச் சற்றுக் கூட்டுவார்கள். மின் கட்டணம் ஏறுவது அங்கேதான்.

ஹீட்டரில் ஒட்டியிருக்கும் எண்

கடைக்குப் போகும் முன் மண்டியிட்டு ஹீட்டரைப் பார்க்க வேண்டும். ஒரு முனையில் அல்லது முன் தகட்டின் உட்புறத்தில் ஒரு லேபிள் இருக்கும். எத்தனை வாட், எத்தனை வோல்ட் என்று அதில் எழுதியிருக்கும். அந்தத் தெர்மோஸ்டாட் இயக்கும் எல்லா ஹீட்டரின் வாட்டையும் கூட்டுங்கள். கூடத்தில் சன்னலுக்கு அடியில் ஒன்று, சோபாவுக்குப் பின்னால் ஒன்று என்று இரண்டு இருக்கும். சோபாவை நகர்த்தச் சோம்பல்பட்டு ஒன்றை மட்டும் கணக்கில் எடுப்பவர்கள் உண்டு. 1500 வாட் ஒன்று, 2000 வாட் ஒன்று என்றால் மொத்தம் 3500. அதை 240ஆல் வகுத்தால் 14.6 ஆம்பியர். 3000 வாட் வரை தாங்கும் தெர்மோஸ்டாட்டின் எல்லை 12.5 ஆம்பியர்தான். ஆகவே இந்தக் கூடத்துக்கு 4000 வாட், அதாவது 16.7 ஆம்பியர் தாங்கும் மாடல் வேண்டும். எல்லையை ஒட்டி வாங்காதீர்கள். முழுச் சுமையில் எலெக்ட்ரானிக் தெர்மோஸ்டாட்டின் உடலே சூடாகும், நல்ல இடைவெளி இருந்தால் அது நீடித்து உழைக்கும்.

4000 வாட்டுக்கு மேல் போகிறது என்றால் எலெக்ட்ரானிக் வகையில் தேர்வு மிகக் குறைவு. 22 ஆம்பியர் தாங்கும் பழைய பாணி மெக்கானிக்கல் தெர்மோஸ்டாட் கிடைக்கிறது. அல்லது சுமையை இரண்டாகப் பிரித்து இரண்டு தெர்மோஸ்டாட் போட எலெக்ட்ரீஷியனிடம் கேட்கலாம்.

மேல் எல்லையைப் பார்ப்பவர்கள் கீழ் எல்லையை மறந்துவிடுகிறார்கள். இரண்டே ஒயரில் ஓடும் எலெக்ட்ரானிக் தெர்மோஸ்டாட் தன் திரைக்கும் மூளைக்கும் தேவையான மின்சாரத்தை ஹீட்டர் வழியாகவே உறிஞ்சிக்கொள்கிறது. ஹீட்டர் மிகச் சிறியதாக இருந்தால் அது நடக்காது. சில மாடல்கள் குறைந்தது 2 ஆம்பியர், சுமார் 500 வாட், கேட்கும். வாசல் நடையில் இருக்கும் 300 வாட் குட்டி ஹீட்டருக்கு அதை வாங்கினால் திரை மினுக்கும், அல்லது எதுவும் தெரியாது. கடைக்காரர் மாற்றித் தருவார், ஆனால் எலெக்ட்ரீஷியன் வந்து போன கூலி திரும்பாது.

வோல்ட் விஷயத்தில் தனி வீட்டுக்காரருக்குச் சிக்கல் குறைவு. அநேகமாக 240தான். குளியலறையில் எப்போதாவது 120 வோல்ட் ஹீட்டர் தென்படும். 240க்கு மட்டும் செய்த எலெக்ட்ரானிக் தெர்மோஸ்டாட் அதில் உயிர் பெறாது. அடுக்குமாடியில் இருப்பவர்கள்தான் கவனிக்க வேண்டும். பெரிய கட்டடங்கள் பலவற்றில் மும்முனை மின்சாரம் வருவதால் ஹீட்டருக்குக் கிடைப்பது 208 வோல்ட். 240க்குச் செய்த ஹீட்டர் அங்கே முக்கால் பங்கு வெப்பம்தான் தரும். சில லேபிள்களில் 1500, 1125 என்று இரண்டு எண் சேர்ந்து இருப்பது இதனால்தான். தெர்மோஸ்டாட்டுக்கும் இதே கதை. 240இல் 4000 வாட் தாங்குவது 208இல் சுமார் 3466 வாட்தான் தாங்கும், ஏனெனில் அதன் உண்மையான எல்லை ஆம்பியர். இன்னும் சில கனடியக் கட்டடங்களில் 347 வோல்ட் ஓடுகிறது. அதற்கென்றே தனியாக விற்கும் தெர்மோஸ்டாட் தவிர வேறு எதுவும் அங்கே கூடாது. கட்டட மேலாளரிடம் கேட்டால் சொல்லிவிடுவார்.

சுவருக்குள் எத்தனை ஒயர்?

பெரும்பாலான தவறான கொள்முதல் இங்கேதான் நடக்கிறது. கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

240 வோல்ட் சுற்றில் இரண்டு ஒயரும் உயிருள்ளவை. ஒவ்வொன்றிலும் தரைக்கு எதிராக 120 வோல்ட் இருக்கிறது. நியூட்ரல் என்று ஒன்று கிடையாது. கனடாவில் இந்தச் சுற்றுக்குப் பல வீடுகளில் சிவப்பு உறை போட்ட கேபிளைப் பயன்படுத்தியிருப்பார்கள். உள்ளே ஒரு கறுப்பு, ஒரு சிவப்பு, ஒரு வெற்றுத் தரை ஒயர். பழைய வீடுகளில் வெள்ளை ஒயர்கூட உயிரோடு இருக்கும். நிறத்தை நம்பி எதையும் முடிவு செய்யக் கூடாது.

ஒற்றைத் துருவத் தெர்மோஸ்டாட் இந்த இரண்டில் ஒன்றை மட்டும் வெட்டும். ஹீட்டர் ஓடாமல் நிற்க அது போதும். ஆனால் மற்ற ஒயர் வழியாக ஹீட்டரில் 120 வோல்ட் எப்போதும் காத்திருக்கிறது. இரட்டைத் துருவத் தெர்மோஸ்டாட்டில் ‘ஆஃப்’ என்று குறித்த இடம் இருக்கும். அங்கே திருப்பினால் இரண்டு ஒயரும் வெட்டுப்படும். ஒற்றைத் துருவத்தில் முடிவதெல்லாம் கடைசிக் குறைவுக்குத் திருப்புவது மட்டுமே. அறை 5 டிகிரிக்கு இறங்கினால் அது மறுபடி ஓடத் தொடங்கிவிடும். பழையது இரட்டைத் துருவம் என்றால் புதியதும் இரட்டைத் துருவமாக இருப்பதே நல்லது என்பது என் கருத்து. எலெக்ட்ரானிக் வகையில் இரண்டு ஒயர் மாடலுக்கு மாறினால், ‘ஆஃப்’ என்று திரையில் தெரிந்தாலும் ஹீட்டர் உயிரோடுதான் இருக்கிறது என்பதை வீட்டில் உள்ள எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். ஹீட்டரைத் திறந்து சுத்தம் செய்வதானால் பிரேக்கரை அணைத்தாக வேண்டும், வேறு வழியில்லை.

அடுத்தது ஒயர் எண்ணிக்கை. செல்பேசியில் இயக்கும் சில தெர்மோஸ்டாட்டுகள், எடுத்துக்காட்டாக நியூஃபவுண்ட்லாந்தில் பிறந்த மைசா, நான்கு ஒயர் கேட்கும்: பேனலிலிருந்து வரும் இரண்டு, ஹீட்டருக்குப் போகும் இரண்டு. தன் மின்சாரத்தை அது நேரடியாக எடுத்துக்கொள்வதால் இந்தத் தேவை. சினோப்பே, ஸ்டெல்ப்ரோ போன்ற கியூபெக் நிறுவனங்களின் மாடல்கள் பல, இரண்டு ஒயரிலேயே ஓடும். ஆகவே பழைய தெர்மோஸ்டாட்டைப் பார்த்து ‘இதில் இரண்டு ஒயர்தான் இருக்கிறது, எனக்கு நான்கு ஒயர் மாடல் சரிப்படாது’ என்று பலர் முடிவு செய்துவிடுகிறார்கள். அந்த முடிவு சரியாகவும் இருக்கலாம், தவறாகவும் இருக்கலாம்.

ஏன் என்றால், கேபிள் பேனலிலிருந்து முதலில் சுவர்ப்பெட்டிக்கு வந்து, பிறகு ஹீட்டருக்குப் போயிருந்தால், அந்தப் பெட்டிக்குள் நான்கு ஒயரும் இருக்கின்றன. ஒற்றைத் துருவத் தெர்மோஸ்டாட்டில் இணைத்தது இரண்டை. மீதி இரண்டையும் ஒன்றோடு ஒன்று முறுக்கி, இங்கே மாரெட் என்று சொல்லும் தொப்பியைப் போட்டுப் பெட்டியின் பின்பக்கம் திணித்திருப்பார்கள். முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. அப்படி ஒரு சோடி இருந்தால் நான்கு ஒயர் மாடலைத் தாராளமாகப் போடலாம். கேபிள் முதலில் ஹீட்டருக்குப் போய், அங்கிருந்து ஒரு கிளை மட்டும் தெர்மோஸ்டாட்டுக்கு வந்திருந்தால் பெட்டியில் உண்மையிலேயே இரண்டுதான். புதிய கேபிள் இழுக்காமல் நான்கு ஒயர் மாடல் அங்கே நடக்காது. சுவரை உடைத்துக் கேபிள் இழுக்கும் செலவில் வேறு நல்ல இரண்டு ஒயர் மாடலை வாங்கிவிடலாம்.

இதை அறிய ஒருமுறை உள்ளே பார்த்தாக வேண்டும். எலெக்ட்ரீஷியன் வேறு வேலைக்கு வீட்டுக்கு வரும்போது தெர்மோஸ்டாட்டுகளைத் திறந்து காட்டச் சொல்லிப் படம் எடுத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். பேனலில் ‘படுக்கையறை’ என்று யாரோ பென்சிலால் எழுதியதை நம்பி ஒயரைத் தொட்டவர்கள் அதிர்ச்சி வாங்கியிருக்கிறார்கள். பழைய பியூஸ் பேனலில் ஒரே ஹீட்டருக்கு இரண்டு பியூஸ் இருக்கும். ஒன்றை மட்டும் எடுத்தால் மற்ற ஒயர் உயிரோடு நிற்கும்.

அந்தப் படத்தில் ஒயர் செம்பு நிறத்தில் இல்லாமல் வெள்ளி நிறத்தில் தெரிகிறதா என்றும் பாருங்கள். 1960களின் நடுவிலிருந்து 1970களின் இறுதி வரை கட்டிய பல வீடுகளில் அலுமினிய ஒயர் உண்டு. புதிய தெர்மோஸ்டாட்டின் செம்பு ஒயரை அதோடு சாதாரணத் தொப்பி போட்டு இணைத்தால் காலப்போக்கில் இணைப்பு தளர்ந்து சூடேறும். அலுமினியத்துக்கென அங்கீகரித்த இணைப்பிகள் தனியாக இருக்கின்றன. எலெக்ட்ரீஷியனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எந்த வகை ஹீட்டர்?

எலெக்ட்ரானிக் தெர்மோஸ்டாட் அறையைச் சீராக வைத்திருப்பதன் ரகசியம், அது ஹீட்டரைச் சின்னச் சின்னத் துண்டுகளாக ஓட்டுவதுதான். பல மாடல்களில் ஒரு சுழற்சி 15 விநாடி. அதில் எத்தனை விநாடி மின்சாரம் போக வேண்டும் என்று கணக்கிட்டுக்கொண்டே இருக்கும். பேஸ்போர்ட்டுக்கு இது மிகப் பொருத்தம். அறை அரை டிகிரிக்கு மேல் அசையாது. ஹீட்டரின் உலோகம் விரிந்து சுருங்கி டக் டக் என்று சத்தம் போடுவதும் குறையும். பழைய தெர்மோஸ்டாட்டின் சத்தத்தில் நடுராத்திரி விழித்துக்கொள்பவர்களுக்கு இந்த ஒன்றுக்காகவே மாற்றுவது தகும்.

ஆனால் உள்ளே விசிறி இருக்கும் ஹீட்டருக்கு 15 விநாடிச் சுழற்சி எமன். குளியலறைச் சுவரில் பதித்தது, சமையலறை அலமாரிக்கு அடியில் இருப்பது போன்றவற்றில் விசிறி உண்டு. விசிறி மோட்டார் ஒவ்வொரு சுழற்சியிலும் தொடங்கி நின்று தொடங்கி நின்று சீக்கிரமே போய்விடும். இவற்றுக்கு நீண்ட சுழற்சி அமைப்பு உள்ள மாடல் வேண்டும். அல்லது பழைய மெக்கானிக்கல் வகையே போதும். பெட்டியில் விசிறி ஹீட்டருக்கு ஏற்றது என்று எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை என்றால் ஏற்றதல்ல என்றே கொள்ளுங்கள். கன்வெக்டர் என்று விற்கும் உயரமான, தட்டையான ஹீட்டருக்கு எந்தச் சுழற்சி சரி என்பதை அதன் கையேட்டில் பாருங்கள். குளியலறைத் தரைக்கு அடியில் சூடேற்றும் கேபிள் இருந்தால் அதன் தெர்மோஸ்டாட் முற்றிலும் வேறு. மின்கசிவு கண்டு உடனே துண்டிக்கும் அமைப்பும், தரைச் சூட்டை அளக்கும் உணரியும் அதற்கு வேண்டும். பேஸ்போர்ட் தெர்மோஸ்டாட்டை அங்கே போடுவது உயிரோடு விளையாடுவது.

அறைக்கு அறை

இதுவரை சொன்னவை பொருந்தினால்தான் விலையும் வசதியும் பேச வேண்டும். மெக்கானிக்கல் தெர்மோஸ்டாட் சுமார் 20, 30 டாலருக்குக் கிடைக்கிறது. நேர அட்டவணை எதுவும் இல்லாத எளிய எலெக்ட்ரானிக் சுமார் 40 முதல் 60 டாலர். செல்பேசியில் இயக்குபவை 100 டாலருக்கு மேல்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எந்தத் தெர்மோஸ்டாட்டும் பேஸ்போர்ட் ஹீட்டரின் திறனைக் கூட்டாது. உள்ளே போகும் மின்சாரம் முழுவதும் வெப்பமாகத்தான் மாறுகிறது, அதற்கு மேல் என்ன செய்ய? சேமிப்பு வருவது அறையின் சராசரி வெப்பநிலை குறைவதால் மட்டுமே: தூங்கும்போது, வேலைக்குப் போயிருக்கும்போது, யாரும் இல்லாத அறையில். இந்த விஷயத்தில் அறைக்கு அறை தெர்மோஸ்டாட் உள்ள நம் வீடு, உலை வைத்த வீட்டைவிட வசதியானது. ஹைட்ரோ-கியூபெக்கின் வழக்கமான வீட்டுக் கட்டணத்தில் நாளுக்கு 40 யூனிட் வரை ஒரு விலை, அதற்கு மேல் கூடுதல் விலை. ஜனவரியில் பேஸ்போர்ட் வீடு அந்த 40ஐ எளிதில் தாண்டும். ஆகவே குளிர்காலத்தில் மிச்சப்படும் ஒவ்வொரு யூனிட்டும் கூடுதல் விலை யூனிட்தான்.

படுக்கையறைகளுக்கு என் பரிந்துரை, இரண்டு ஒயரில் ஓடும் எளிய எலெக்ட்ரானிக். இரவில் கையால் மூன்று டிகிரி குறைக்கத் தெரிந்தவருக்கு அட்டவணை எதற்கு? கூடத்துக்கு, அதிக வாட் ஓடும் இடத்துக்கு, செல்பேசி மாடல் பணத்துக்குத் தகும். காலையில் எல்லோரும் கிளம்பியதும் தானாகக் குறையும், மாலை வருவதற்குள் ஏறும். பொருட்கள் மட்டும் கிடக்கும் அடித்தள அறைக்கு மெக்கானிக்கலே போதும். விருந்தினர் அறையில் திரை பெரிதாக, எண் தெளிவாக, இரண்டு பொத்தான் மட்டும் உள்ளதைப் போடுங்கள். ஊரிலிருந்து வந்து தங்கும் பெற்றோர், சிறிய எழுத்தும் ஐந்து குறியீடும் உள்ள கருவியோடு போராடுவதை விட்டுவிட்டுப் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருப்பார்கள். உங்களிடம் சொல்லவும் மாட்டார்கள்.

குமிழைக் கடைசி வரை திருப்பினால் அறை வேகமாகச் சூடேறும் என்ற நம்பிக்கை எல்லா வீட்டிலும் இருக்கிறது. 1500 வாட் ஹீட்டர் 21க்கு வைத்தாலும் 30க்கு வைத்தாலும் 1500 வாட்தான் தரும். வேகம் கூடாது, நிறுத்த மறந்து கட்டணம்தான் கூடும்.

செல்பேசி மாடல்களில் இரண்டு பாதைகள். ஒவ்வொன்றும் தானே வைஃபையில் சேர்வது ஒன்று. ஜிக்பீ என்ற கம்பியில்லா முறை வழியாக ஒரு மையக் கருவியோடு பேசுவது மற்றொன்று. ஒன்று இரண்டுதான் மாற்றப் போகிறீர்கள் என்றால் வைஃபை எளிது. எட்டுப் பத்து மாற்றுவதானால் ஜிக்பீ சிக்கனம், வீட்டு ரவுட்டரும் திணறாது. எதுவானாலும் இணையம் நின்றபோது சுவரில் தொட்டு இயக்க முடிய வேண்டும். ஹைட்ரோ-கியூபெக்கின் ஃப்ளெக்ஸ் டி கட்டணத்தில் சேர எண்ணுபவர்களுக்கு இந்த வகை உண்மையாகவே பயன்படும். குளிர்காலத்தில் ஊரே ஹீட்டர் போடும் காலை, மாலை நேரங்களில், மொத்தம் 100 மணி நேரத்துக்கு மிகாமல், மின்சார விலை பல மடங்கு ஏறும். மற்ற நேரம் வழக்கத்தைவிடக் குறைவு. அந்த நேரங்களுக்கு முன்பே அறையைச் சூடாக்கிவிட்டு, பிறகு குறைத்து வைப்பதை எட்டு அறையில் கையால் செய்ய யாராலும் முடியாது. வாங்கும் முன் ஹைட்ரோ-கியூபெக்கின் லோஜிவேர் மானியத் திட்டத்தில் அந்த மாடலுக்கு மானியம் உண்டா என்று பாருங்கள். பட்டியலில் இல்லாத மாடலுக்கு ஒரு சென்ட்கூட வராது.

நெஸ்ட்டோ ஈக்கோபீயோ வைத்தே தீர வேண்டும் என்பவர்களுக்கு, 24 வோல்ட்டாக மாற்றித் தரும் ரிலே ஒன்று சந்தையில் உண்டு. ஓர் அறைக்காக அதைப் போடுவது வீண் செலவு. ரிலே கூடவே கிளிக் என்ற சத்தத்தையும் கொண்டுவரும்.

இணையக் கடைகளில் பாதி விலைக்கு வரும் பெயர் தெரியாத தெர்மோஸ்டாட்டுகள் பற்றி: சி.எஸ்.ஏ. முத்திரை, அல்லது இடப்பக்கம் சிறிய ‘சி’ எழுத்து சேர்ந்த யூ.எல்., ஈ.டி.எல். முத்திரை இல்லாத எதையும் சுவரில் மாட்டாதீர்கள். ஐரோப்பிய முத்திரை மட்டும் இருந்தால் போதாது. சி828 என்ற கனடியத் தரத்தைப் பெட்டியில் குறித்திருந்தால், அறை வெப்பத்தைச் சீராக வைப்பதில் அது சோதிக்கப்பட்டது என்று பொருள்.

மாட்டுவது யார்?

கியூபெக்கில் இதற்குச் சந்தேகமே இல்லை. சொந்த வீடானாலும் மின் வேலையை உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரர்தான் செய்ய வேண்டும். சுவர்த் தெர்மோஸ்டாட்டும் அதில் அடக்கம். அவருடைய உரிம எண்ணைக் கட்டட ஆணையமான ஆர்.பி.கியூ.வின் பதிவேட்டில் சரிபார்க்கலாம். ஒன்டாரியோவில் உரிமையாளரே செய்ய அனுமதி உண்டு, ஆனால் மின் பாதுகாப்பு ஆணையமான ஈ.எஸ்.ஏ.வின் விதிகளுக்கு உட்பட்டு. எந்த வேலைக்கு முன்னறிவிப்பு தேவை என்று முதலில் அங்கே கேளுங்கள். அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்து ஒயர் தடிமனையும் பிரேக்கர் அளவையும் கணக்கிடாதீர்கள். கனடிய விதித்தொகுப்பில் நிலையான மின் ஹீட்டருக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. அங்கே கணக்கு வேறு.

வாடகை வீட்டில் தெர்மோஸ்டாட் வீட்டுக்காரரின் சொத்து. ஒப்பந்தப்படி வெப்பச் செலவு உங்களுடையது என்றால், மாற்றித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். அவர் மறுத்து, உங்கள் செலவில் போட அனுமதித்தால், காலி செய்யும்போது எடுத்துப் போகலாமா என்பதையும் அப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தக்காரர் வரும் நாளில் இரண்டு விஷயம் கேளுங்கள். சுவர்ப்பெட்டிக்குள் ஒயர் வரும் ஓட்டை வழியாகக் குளிர்காற்று கசிகிறதா, அதை அடைக்க முடியுமா என்று. வெளிச்சுவரில் இருக்கும் பெட்டியில் இது சகஜம். தெர்மோஸ்டாட் அந்தக் காற்றின் குளிரை அறையின் வெப்பநிலை என்று நினைத்து ஹீட்டரை ஓட்டித் தள்ளும். இரண்டாவது, தெர்மோஸ்டாட் இருக்கும் இடம். சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்தில், உட்சுவரில் இருக்க வேண்டும். ஹீட்டருக்கு நேர் மேலே, வெயில் விழும் இடம், திரைச்சீலைக்குப் பின், குக்கர் ஆவி அடிக்கும் சமையலறை வாசல் எதுவும் ஆகாது. இடம் மாற்றக் கேபிள் இழுக்கும் செலவு அதிகம் என்பதால் பெரும்பாலும் பழைய இடத்திலேயே விட்டுவிடுவோம்; குறைந்தது திரைச்சீலையையாவது நகர்த்துங்கள்.

ஒரே நாளில் எல்லா அறையையும் மாற்றுங்கள். வந்துபோகும் கூலி ஒருமுறைதான், ஒயர் பிரச்சினை இருந்தால் எல்லாம் ஒரே நேரத்தில் தெரிந்துவிடும். கழற்றிய பழையவற்றில் ஏதாவது ஒன்றில் கண்ணாடிக் குமிழுக்குள் வெள்ளிநிறத் துளி தெரிந்தால் அது பாதரசம். குப்பையில் போடாமல் உங்கள் பகுதி எக்கோசென்டரில் கொடுத்துவிடுங்கள்; மொன்ட்ரியால் நகரவாசிகளிடம் அபாயகரமான வீட்டுக் கழிவை அங்கே வாங்கிக்கொள்கிறார்கள்.